கூழாங்கல் பொறிவண்டு: சின்னப் பிள்ளைகளோடு செய்யும் முறை

கூழாங்கல்லுக்குச் சிவப்பு அடித்து, கறுப்புப் பொட்டு வைத்தால் பொறிவண்டு. மூன்று வயதுப் பிள்ளையும் செய்துவிடும். அதனால்தான் மழலையர் பள்ளிகளிலும் கோடை விடுமுறை வகுப்புகளிலும் இதை விரும்பிச் செய்ய வைக்கிறார்கள். ஆனால் இரண்டு இடத்தில் கோட்டை விட்டுவிடுகிறார்கள். கல்லைத் தயார் செய்யாமல் நேராகப் பெயிண்டுக்குப் போய்விடுவதால், சில நாளிலேயே தோல் தோலாக உரிகிறது. அதைவிடப் பெரிய குறை, பொறிவண்டையே பார்த்திராத பிள்ளையின் கையில் பிரஷைக் கொடுப்பது. அந்தப் பிள்ளை செய்வது ஏதோ ஒரு படத்தின் நகல். நிஜ வண்டைப் பார்த்துவிட்டு உட்காரும் பிள்ளை, தான் பார்த்ததைச் செய்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கல்லிலேயே தெரியும்.

மொத்த வேலையையும் நாலைந்து நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பிள்ளை உட்காரும் நேரம் 15, 20 நிமிடம் போதும். மீதியெல்லாம் காய்கிற நேரம். ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் ஈரக் கல்லில் பெயிண்ட், ஈரப் பெயிண்டில் புள்ளி, கடைசியில் அழுகை.

முதலில் நிஜ வண்டு

பொறிவண்டைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். அசுவினி இருக்கிற இடத்தில் அது இருக்கும். மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொடி பூக்கும்போது இளந்தளிரிலும் பூங்கொத்தின் தண்டிலும் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்குமே, அதுதான் அசுவினி. தட்டைப்பயறுச் செடியிலும் அப்படித்தான். வெயில் ஏறுவதற்கு முன் போய் ஒரு கொடியை நிதானமாகப் பார்த்தால், அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றாவது மேய்ந்துகொண்டிருக்கும். எருக்கு, அரளிச் செடிகளின் நுனியில் மஞ்சள் அசுவினி வரும். அதைத் தின்னவும் பொறிவண்டு வரும். ஆனால் இரண்டும் நச்சுச் செடிகள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அங்கே பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும், தொட வேண்டாம்.

அவரைக்கொடியில் என்றால் விரலை நீட்டி ஏற விடலாம். வண்டு பயந்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சளாக ஒரு துளி நீர் கசியும். கசப்பும் நாற்றமும் உள்ள நீர் அது. பிடித்துத் தின்ன வரும் எறும்பையும் பறவையையும் விரட்டத்தான். கையைக் கழுவினால் போய்விடும். "என்னைத் தின்னாதே, நான் கசப்பேன்" என்று சொல்வதுதான் அந்தச் சிவப்பு நிறத்தின் வேலை என்பதை நாலு வயதுப் பிள்ளை சட்டென்று புரிந்துகொள்ளும்.

பார்க்கும்போது பாடம் நடத்த வேண்டாம், கேள்வி கேளுங்கள். "எத்தனை கால் இருக்கு, எண்ணலாமா?" "தலை எங்க இருக்கு, காட்டு பாப்போம்." இந்த இரண்டாவது கேள்வியில் பெரியவர்களே தடுமாறுவார்கள். முன்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிவது தலையல்ல. தலைக்குப் பின்னால் உள்ள கழுத்துக் கவசம். அதிலுள்ள வெளிர் திட்டுகளைத்தான் நாம் கண் என்று நினைக்கிறோம். உண்மையான தலை அதற்கும் முன்னால், கவசத்துக்குள் பாதி ஒளிந்தபடி, குட்டியூண்டாக இருக்கும். மீசைபோல நீளும் உணர்கொம்புகளும் மிகக் குட்டை. கல்லில் நீளநீளமாகக் கம்பி ஒட்டிக் கொம்பு வைப்பதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

புள்ளியை எண்ணி வண்டின் வயதைச் சொல்லலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். புள்ளி வயதால் கூடுவதில்லை. எந்த இனமோ அந்த இனத்துக்கான கோலம் அது.

எந்தப் பிள்ளைக்கு எந்த வண்டு

படப் புத்தகத்தில் வருவது ஏழு புள்ளி வண்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று, இரண்டு இறக்கையும் சேரும் முன்முனையில் பொதுவாக ஒன்று. வரைய எளிது, அழகு. ஆனால் நம் ஊர்ச் செடிகளில் அதிகம் கண்ணில் படுவது வேறொன்று. ஆரஞ்சு அல்லது மஞ்சள் கலந்த சிவப்பு முதுகு, நடுவில் நேர்க்கோடு, ஒவ்வொரு பக்கமும் நெளிநெளியாக இரண்டு கறுப்புப் பட்டை, பின்முனைக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளி. இதை ஆறு புள்ளிப் பொறிவண்டு என்கிறார்கள். உடம்பு அரை சென்டிமீட்டர் அளவுதான். நெளிகோடு போடக் கை திருந்தியிருக்க வேண்டும் என்பதால் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

மூன்று வயதுக்கு மஞ்சள் பொறிவண்டைக் கொடுங்கள். முதுகில் ஒரு புள்ளியும் கிடையாது, பளிச்சென்று ஒரே மஞ்சள். வெளிர்நிறக் கழுத்துக் கவசத்தில் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. பூசணி, மல்பெரி இலைகளில் வெள்ளையாகப் படியும் சாம்பல் நோய்ப் பூஞ்சையைத் தின்று வாழ்வது இது. ஒரே நிறம் அடித்து இரண்டு பொட்டு வைத்தால் முடிந்தது. பிள்ளைக்கு முழு வண்டையும் தானே செய்த திருப்தி கிடைக்கும்.

ஐந்து வயதில் எண்ணிக்கை பழகும் பிள்ளைக்குக் கத்தரிச் செடியின் புள்ளி வண்டு. ஒரு பக்கத்துக்கு 14, மொத்தம் 28 புள்ளி. முதுகு மங்கிய செங்கல் நிறம், மேலே மெல்லிய ரோமம் இருப்பதால் பளபளப்பு இருக்காது. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இது அசுவினி தின்னாது, இலையைத் தின்னும். பச்சையத்தைச் சுரண்டிவிட்டு நரம்பை மட்டும் வலைபோல விட்டுவைத்திருந்தால் இதன் வேலை. பளபளப்பதும் மங்கலாக இருப்பதுமாக இரண்டு கல்லை அருகருகே வைத்தால், தோட்டத்தில் யார் நண்பன், யார் இலை தின்னி என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேறொன்றும் வேண்டாம்.

கறுப்புக் கல் கிடைத்தால் அதற்கும் ஒரு வண்டு உண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. திராட்சைத் தோட்டங்களிலும் கொய்யாத் தோப்புகளிலும் இன்றும் அதை வளர்த்து விடுகிறார்கள். முதுகு கரும்பழுப்பு, தலையும் வால்முனையும் மட்டும் ஆரஞ்சு. கல்லின் நிறத்தை அப்படியே விட்டு, இரண்டு முனையிலும் ஆரஞ்சு தீட்டினால் போதும். பெயிண்ட் மிகக் குறைவு, உரிவதும் குறைவு. எங்களைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் அழகு.

கல் தேர்வு

வேண்டியது அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் குவிந்தும் உள்ள, 5 முதல் 7 செ.மீ. நீளமுள்ள கல். இதைவிடச் சின்னக் கல், வாயில் போடும் பழக்கம் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். 4 செ.மீ.க்குக் குறைந்தது எதையும் மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். ரொம்பப் பெரிய கல்லும் தொல்லைதான். 300 கிராமுக்கு மேலே போனால் காலில் போட்டுக்கொள்வார்கள்.

ஆற்று மணலைச் சலிக்கும்போது சல்லடையில் ஒதுங்கும் கூழாங்கல் நல்ல கல். வீடு கட்டும் இடங்களில் கேட்டால் ஒரு பிடி தருவார்கள். எம்-சாண்ட் வந்த பிறகு இது அருகிவிட்டது. அப்படியானால் நர்சரிகளில் தொட்டிக்கு மேலே போட விற்கும் கூழாங்கல் மூட்டையில் ஒரு கிலோ வாங்கலாம். அந்த அளவுக் கல்லில் கிலோவுக்கு ஏழெட்டுத்தான் நிற்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பளபளப்பான கல்லில் மெழுகோ எண்ணெயோ தடவியிருக்கும். அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: பரவினால் சரி, முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது.

நகத்தால் கீறினால் பொடி உதிரும் கல்லும் செம்பாறைத் துண்டும் ஆகாது. உதிர்கிற கல்லின் மேல்பரப்போடு சேர்ந்து பெயிண்டும் வந்துவிடும். கருங்கல் ஜல்லிக்குக் கூர்விளிம்பு உண்டு, கையைக் கிழிக்கும்.

கடற்கரையில் பொறுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் கரையில் துளைத்துளையாக, வெள்ளையாக ஒதுங்கிக் கிடப்பது கல்லல்ல, பவளம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுத்து வருவது குற்றம். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் கல்லைக்கூட எடுக்கக் கூடாது. ஆற்றோரத்தில் எடுத்தாலும் ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். ஈரமான கல்லைப் புரட்டினால் அடியில் தேளோ பூரானோ இருக்கலாம், புரட்டுவது பெரியவர் வேலையாக இருக்கட்டும்.

கழுவுவதும் காய்வதும்

பிள்ளைகள் உற்சாகமாகச் செய்யும் கட்டம் இதுதான், அவசரப்படுத்தாதீர்கள். அகலமான பேசினில் தண்ணீர், அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், ஆளுக்கொரு பழைய டூத் பிரஷ். இரண்டு வயதுப் பிள்ளையும் இதில் சேரலாம். மெழுகுக் கல் என்றால் பெரியவர் முதலில் வெந்நீரில் ஊற வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, மேல்பக்கத்தை 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், கல்தூசி மூச்சில் போகக் கூடாது.

கடற்கரைக் கல்லை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். கல்லின் நுண்துளைக்குள் உப்பு இருக்கும். விட்டுவிட்டால் பின்னால் ஈரக்காற்றில் அது வெளியே பூத்துப் பெயிண்டைத் தள்ளும்.

கழுவிய கல்லை ஒரு முழு நாள் வெயிலில் போடுங்கள். மழைக்காலமென்றால் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள். தொட்டால் உலர்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரம் பிறகு வெளியேறும்போது கொப்புளம் கொப்புளமாகப் பெயிண்ட் எழும்பும். உரிந்துவிட்டது என்று வரும் புகார்களில் பல இந்த ஒரு நாளை மிச்சம் பிடித்ததால் வருபவைதான். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடும் பூசாதீர்கள். சுடுகல்லில் பெயிண்ட் பட்ட உடனே காய்ந்து திட்டுத் திட்டாகும்.

என்ன பெயிண்ட்

அக்ரிலிக் வாங்குங்கள். துணிக்கும் கைவினைக்கும் என்று பெவிக்ரில், கேம்லின் பெயர்களில் சின்னப் பாட்டில்களில் விற்பது போதும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை நாலும் இருந்தால் எல்லா வண்டும் வரும். சிவப்பில் மஞ்சளைச் சேர்த்தால் ஆரஞ்சு, துளி கறுப்பைச் சேர்த்தால் கத்தரி வண்டின் செங்கல் நிறம். 6 செ.மீ. கல்லின் முதுகுக்கு இரண்டு பூச்சும் சேர்த்து ஒரு மில்லி அளவுதான் ஆகும், பிள்ளைகள் சிந்துவதையும் கணக்கிட்டால் 15 மில்லி பாட்டில் எட்டு, பத்துக் கல்லுக்கு வரும்.

போஸ்டர் கலர் ஒரு முறை தண்ணீர் பட்டால் கரையும். வீட்டுக்குள் வைக்கும் கல்லுக்கு மட்டும் சரி. வாட்டர் கலர் கல்லில் நிற்காது.

கதவு, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் டப்பாவைக் கையில் எடுக்கவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவில் எவ்வளவு ஈயம் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு பிள்ளையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். டர்பன்டைன் வாசனையும் அவர்களுக்கு ஆகாது.

அக்ரிலிக்கும் துணியில் காய்ந்துவிட்டால் போகாது. பழைய சட்டையைப் போட்டுவிட்டு, பட்ட உடனே தண்ணீரில் அலசுங்கள்.

வெள்ளை அடிப்பூச்சு

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். சிவப்பும் மஞ்சளும் பாதி ஒளி ஊடுருவும் நிறங்கள். சாம்பல் கல்மேல் நேராக அடித்தால் சிவப்பு காய்ந்த ரத்தம் போலவும் மஞ்சள் பச்சை தட்டியும் தெரியும். நாலு பூச்சு அடித்தாலும் தீராது. ஒரு பூச்சு வெள்ளை கீழே இருந்தால் மேலே இரண்டு போதும்.

கல்லை நியூஸ்பேப்பரில் நேராக வைத்துப் பூசினால் தாள் ஒட்டிக்கொண்டு கிழியும், அச்சு மையும் ஏறும். தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் கல்லை உட்கார வையுங்கள். மூடியைத் திருப்பினால் கல் திரும்பும். பிள்ளை ஈரப் பெயிண்டைத் தொடாமலே எல்லாப் பக்கமும் பூசிவிடும். அடிப்பக்கத்துக்கு எதுவும் பூச வேண்டாம். கல்லுக்குள் தங்கிய ஈரம் வெளியேற ஒரு வழி இருக்கட்டும். பெயரும் தேதியும் எழுத இடமும் அதுதான்.

வெள்ளை காய அரை மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு மணிக்கு மேலும் ஆகும். விரல் நுனியால் தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை.

முதுகு

மூன்று, நாலு வயதுக்குப் பிரஷைவிட ஸ்பாஞ்சு நல்லது. பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சில் 3 செ.மீ. சதுரமாக வெட்டி, துணிக் கிளிப்பில் மாட்டிக் கொடுங்கள். கிளிப்தான் கைப்பிடி. தட்டில் பெயிண்டைக் குளமாக ஊற்றாமல் ஒரு தேக்கரண்டியில் கால்வாசி அளவு மட்டும் பரப்பி வையுங்கள். தொட்டு, தட்டில் ஒருமுறை ஒற்றிவிட்டு, கல்லில் ஒற்ற வேண்டும். "தேய்க்காத கண்ணு, தட்டித் தட்டி வை" என்று ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

ஐந்து வயதுக்கு மேல் அரை அங்குலத் தட்டைப் பிரஷ் கொடுக்கலாம். அக்ரிலிக்கில் தண்ணீர் கலப்பதானால் நாலு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. நீர்த்தால் கல்லின் ஓரத்தில் வழிந்து சேர்ந்து, குவிந்த இடம் வெளுத்துத் தெரியும். பிள்ளைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்ப்பார்கள். பாதி காய்ந்த பெயிண்டைத் தேய்த்தால் அது உருண்டு திரண்டு வரும். அப்போது பிரஷைப் பிடுங்காதீர்கள். "அந்தப் பக்கம் இன்னும் வெள்ளையா இருக்கு பார்" என்று சொன்னால் கை தானாக நகரும். முதல் பூச்சில் பிரஷ் கோடும் வெள்ளைத் திட்டும் தெரிவது இயல்பு. அரை மணி கழித்து இரண்டாவது பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும்.

தலை, கோடு, புள்ளி

இதை மாலைக்கோ மறுநாளைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சிவப்பில் கறுப்பு வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும்.

ஏழு புள்ளி, ஆறு புள்ளி வண்டுகளுக்குக் கல்லின் நீளத்தில் முன்பக்கம் ஐந்தில் ஒரு பங்கைக் கறுப்பாக்குங்கள். அதுதான் தலையும் கழுத்துக் கவசமும். எல்லைக்கோட்டைப் பெரியவர் பென்சிலில் வளைவாகப் போட்டுத் தரலாம். ஒரு ரப்பர் பேண்டை அந்த இடத்தில் மாட்டிவிட்டால் சின்னப் பிள்ளைக்கு அதுவே எல்லை. அடுத்து நடுக்கோடு. முதுகு ஓடு இரண்டாகப் பிரிந்து, அடியில் மடித்து வைத்திருக்கும் மெல்லிய இறக்கை வெளியே வருகிற இடம் அது. நடுக்கோட்டைக் கண்டால்தான் பிள்ளைக்கு இது பறக்கிற பூச்சி என்று விளங்கும். தென்னை ஈர்க்குச்சியை 10 செ.மீ. நீளத்துக்கு ஒடித்து, அதன் பக்கவாட்டை முழுதும் பெயிண்டில் தொட்டு, முதுகின் மேல் கிடத்தி அழுத்தி எடுத்தால் நேர்க்கோடு விழும். கல் குவிந்திருப்பதால் குச்சியை முன்பக்கம் ஊன்றிப் பின்பக்கமாக மெல்லச் சாய்த்து உருட்ட வேண்டும்.

புள்ளிக்கும் பிரஷ் வேண்டாம். காது குடையும் பட்ஸ் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான புள்ளி தரும். பென்சிலின் தட்டையான பின்முனை அதைவிடப் பெரிது. ஈர்க்குச்சி நுனி 2 மில்லிமீட்டர். ஏழு புள்ளிக்குப் பென்சில், 28 புள்ளிக்குப் பட்ஸ், கவசத்தில் வைக்கும் வெள்ளைக்கு ஈர்க்குச்சி. நுனியை மட்டும் தொட்டு, கல்லுக்குச் செங்குத்தாக வைத்து, நேராகத் தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் புள்ளிக்கு வால் முளைக்கும். ஒரு தொடுகைக்கு ஒரு புள்ளி; மறுபடி தொடாமல் தொடர்ந்து வைத்தால் புள்ளி சிறுத்துக்கொண்டே போகும். முதலில் ஒரு தாளில் பத்துப் புள்ளி வைத்துப் பழகட்டும்.

ஏழு புள்ளிக்கு முதலில் பொதுப் புள்ளியைக் கவசத்தை ஒட்டி நடுக்கோட்டின் மேல் வையுங்கள். பிறகு ஒரு பக்கம் மூன்று, அதற்கு நேராக மறுபக்கம் மூன்று. ஒரு பக்கத்தில் வைத்ததும் "இங்க வச்சதுக்கு ஜோடி எங்க?" என்று கேட்டால், இடதும் வலதும் ஒத்திருப்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அரை சென்டிமீட்டர் தவறினாலும் திருத்தாதீர்கள்.

ஆறு புள்ளி வண்டின் நெளிகோட்டைப் பென்சிலில் மெலிதாக வரைந்துவிட்டு, அதன்மேல் ஈர்க்குச்சியால் நெருக்கமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் கோடாகச் சேர்ந்துவிடும். இழுத்து வரைவதைவிட இது கைக்கு எளிது.

ஆடும் பிளாஸ்டிக் கண் ஒட்ட வேண்டாம். பசை விட்டுக் கழன்று விழும், விழுந்ததும் போகிற இடம் தவழும் குழந்தையின் வாய்.

மார்க்கர் பேனாவால் கோடு போடுவது சுலபம்தான். ஆனால் சாதாரண பெர்மனென்ட் மார்க்கரின் மை வார்னிஷ் பட்டதும் கரைந்து ஊதாவாக இழுபடும். கோடெல்லாம் பாழாகிவிடும். அக்ரிலிக் மார்க்கர் கிடைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

மேல்பூச்சு

இது முழுக்கப் பெரியவர் வேலை. கடைசிப் புள்ளி வைத்து 24 மணி நேரம் கழித்துத்தான் தொட வேண்டும். அதற்கு முன் பூசினால் கறுப்பு இழுபட்டுச் சிவப்பு முதுகு அழுக்காகும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை மென்மையான பிரஷில் ஒரே திசையில் மெல்லிசாக ஒரு பூச்சு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. கனமாக ஒரே பூச்சாக அடித்தால் பால்போல வெளுத்து நிற்கும், ஒட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பிரே வாங்கினால் மொட்டை மாடியில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், 25 செ.மீ. தள்ளிப் பிடித்து அடியுங்கள். கத்தரி வண்டுக்கு மட்டும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

பெவிக்காலில் தண்ணீர் கலந்து பூசினால் போதும் என்று சொல்வதுண்டு. வீட்டுக்குள் அலமாரியில் வைக்கும் கல்லுக்குச் சரி. மழை பட்டால் அது மறுபடி வெள்ளையாகிப் பிசுபிசுத்துப் பெயிண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

முட்டையும் புழுவும்

முதல் வண்டு முடிந்ததும் பிள்ளை "இன்னொன்று" என்று கேட்கும். இன்னொரு சிவப்பு வண்டுக்குப் பதிலாக அதே வண்டின் வளர்ச்சிப் பருவங்களைச் செய்யலாம். மூன்று கல் கூடுதலாக வேண்டும்.

இலைப்பச்சை அடித்த தட்டைக் கல்லில், ஈர்க்குச்சி நுனியால் மஞ்சள் புள்ளிகளை நெருக்கி நெருக்கி 15, 20 வைத்தால் முட்டைக் குவியல். நிஜத்தில் அந்த முட்டைகள் இலையில் படுத்திருக்காது, செங்குத்தாக நிற்கும். அடுத்தது நீண்டு ஒடுங்கிய கல்: கறுப்பு அடித்து, முதுகில் இரண்டு வரிசையாக மஞ்சள் திட்டு, முன்பாதியில் பக்கத்துக்கு மூன்று கால். இது புழு. நிஜப் புழு முதலைக்குட்டி போல இருக்கும். பொறிவண்டைத் தெரிந்தவர்களுக்கும் இதைத் தெரியாது. ஏதோ கெட்ட புழு என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். இந்தப் பருவத்திலும் அது அசுவினியை ஏராளமாகத் தின்னும். பிள்ளைக்கு இந்த ஒரு கல் பழகிவிட்டால், அவரைக்கொடியில் அந்தப் புழுவைக் கண்டதும் "அப்பா, நசுக்காதீங்க" என்று தடுக்கும். நாலில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கூட்டுப்புழுவுக்கு உருண்டையான சின்னக் கல் எடுத்து, மங்கிய ஆரஞ்சில் கறுப்புத் திட்டு வைத்து, ஒரு முனையைப் பச்சை அட்டையில் ஒட்டிவிடுங்கள். நிஜக் கூடும் இலையில் வாலை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நம் வெயிலில் முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம். நாலு கல்லையும் கலைத்துப் போட்டு வரிசையாக அடுக்கச் சொல்லலாம்.

வைக்கும் இடமும் பழுதும்

மாடித்தோட்டத் தொட்டியில் வைப்பதானால் மண்ணின் மேல் நேராக வைக்காமல் ஒரு ஓட்டுச் சில்லின் மேல் வையுங்கள். மண் ஈரம் அடிப்பக்கம் வழியாக ஏறி, ஒரு மழைக்காலத்தில் ஓரப் பெயிண்டைக் கிளப்பிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் கறுப்புக் கல் கையைச் சுடும் அளவுக்குக் காயும். பிள்ளை ஓடிவந்து எடுக்கிற இடமானால் நிழலில் வைப்பது நல்லது. பூங்காவிலோ ஆற்றிலோ கொண்டுபோய்ப் போடாதீர்கள். அக்ரிலிக் பிளாஸ்டிக்தான், உரிகிற ஒவ்வொரு செதிலும் தண்ணீருக்குத்தான் போகும்.

பெயிண்ட் பெயர்ந்தால் எப்படிப் பெயர்ந்தது என்று முதலில் பாருங்கள். கொப்புளம் விட்டிருந்தால் உள்ளே ஈரம். கல்லை வெந்நீரில் ஊற வைத்து முழுவதையும் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் காய வைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். பெரிய தாளாக உரிந்தால் கல்லில் எண்ணெய் அல்லது மெழுகு. சோப்பும் உப்புத்தாளும் தேவை. கீழே போட்டதால் ஒரு மூலையில் மட்டும் செதில் போயிருந்தால், அந்த இடத்தின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி, வெள்ளை, சிவப்பு, வார்னிஷ் என்ற அதே வரிசையில் அந்த இடத்துக்கு மட்டும் தொட்டு வைத்தால் போதும். அந்த ஒட்டுவேலையை ஐந்து வயதுப் பிள்ளையே பட்ஸால் செய்துவிடும்.